செல்பேசியைத் தாங்கும் பதிவேடு

(பல்கலைக்கழக அறக்கட்டளைச் சொற்பொழிவின் திருத்திய அச்சு வடிவம்)



எந்தப் பெரியவரின் நினைவாக இந்தச் சொற்பொழிவு நடக்கிறதோ, அவர் தொலைபேசி இணைப்பகத்தில் பணியாற்றியவர் என்று அழைப்புக் கடிதத்தில் படித்தேன். ட்ரங்க் கால் பதிவு செய்துவிட்டு மக்கள் மணிக்கணக்கில் காத்திருந்த காலம் அவருடையது. வேலை கடினம். ஆனாலும் அன்றைய இணைப்பகத்துக்கு ஒரு நிம்மதி இருந்தது. தொலைபேசி இருந்த இடத்திலேயே இருக்கும். எண்ணைச் சொன்னால் எந்தத் தெருவுக்குப் போகும் எந்தக் கம்பி என்பது தெரிந்துவிடும். செல்பேசி வந்ததும் அந்த நிச்சயம் போயிற்று. அழைக்கப்படுகிறவர் இப்போது எங்கே இருக்கிறார் என்பதே முதல் கேள்வியாகிவிட்டது.

செல்பேசித் தொடர்புக்குத் தேவையான கருவிகளையும் மென்பொருளையும் பற்றிப் பேச வேண்டும் என்பது எனக்கு இடப்பட்ட பணி. பட்டியல் வாசிக்க நான் வரவில்லை. ஒரே ஒரு கருத்தை உங்கள் முன் நிறுவ விரும்புகிறேன்: யார் எங்கே இருக்கிறார் என்று இடைவிடாமல் எழுதித் திருத்தும் ஒரு பதிவேட்டின் மேல்தான் செல்பேசித் தொடர்பு முழுவதும் நிற்கிறது. கைப்பேசி, சிம், டவர், கண்ணாடி இழை எல்லாம் அந்தப் பதிவேட்டுக்குச் செய்தி கொண்டுபோகவும், அதன் விடையைக் கொண்டுவரவும் ஏற்பட்டவை. இதை ஏற்றுக்கொண்டால் எதைக் காக்க வேண்டும், எதைக் கற்பிக்க வேண்டும் என்பதும் மாறும்.

1. கருத்து முந்தியது, கணினி பிந்தியது

அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் டக்ளஸ் ரிங் என்ற பொறியாளர் 1947 டிசம்பரில் ஓர் அலுவலகக் குறிப்பு எழுதினார். நகரம் முழுவதற்கும் ஒரே பெரிய ஒலிபரப்பியை வைக்காமல், ஊரைச் சிறு சிறு வட்டாரங்களாகப் பிரித்து, ஒரே அலைவரிசையைத் தள்ளித் தள்ளி மீண்டும் மீண்டும் பயன்படுத்தலாம் என்பது அதன் சாரம். இன்றைய செல் அமைப்பின் கரு அது.

அந்தக் குறிப்பு நடைமுறைக்கு வர முப்பது ஆண்டுகளுக்கு மேல் ஆயிற்று. அரசின் அலைவரிசை ஒதுக்கீடு தாமதமானது ஒரு காரணம். இன்னொன்றை நாம் அதிகம் பேசுவதில்லை. பேசிக்கொண்டே ஒரு வட்டாரத்திலிருந்து இன்னொன்றுக்குப் போகிறவரைத் தொடர்ந்து கவனிக்கவும், அழைப்பைக் கைமாற்றவும் கணினி வேண்டும். 1947-ல் அப்படிப்பட்ட கணினி கிடையாது. 1973 ஏப்ரல் 3 அன்று மோட்டரோலாவின் மார்ட்டின் கூப்பர் நியூயார்க் தெருவில் நின்று கையடக்கப் பேசியில் பேசியதைத்தான் வரலாறு கொண்டாடுகிறது. பொதுமக்களுக்கான வலையமைப்பு டோக்கியோவில் 1979-ல்தான் வந்தது. சிகாகோவில் 1983-ல். கருவி தயாரான பிறகும், கருவியைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஏற்பாட்டுக்காக உலகம் காத்திருந்தது.

2. கையில் இருப்பது ஒரு கணினி அல்ல

நாம் வாங்கும் கைப்பேசியில் குறைந்தது மூன்று கணினிகள் இருக்கின்றன. திரையில் தெரியும் ஆண்ட்ராய்டோ ஐஓஎஸ்ஸோ ஓடுவது ஒன்று. டவரோடு பேசுவதற்கென்றே தனிச் செயலி இன்னொன்று. பொறியாளர்கள் இதை பேஸ்பேண்ட் என்பார்கள். இதற்குத் தனி இயங்குதளம், தனி மென்பொருள். நேரம் தவறாமை இதன் முதல் கடமை. இரண்டாம் தலைமுறையான ஜிஎஸ்எம் முறையில் ஒரே அலைவரிசையை எட்டுப் பேர் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்கிறார்கள். ஒருவருடைய முறை 577 மைக்ரோ நொடி. அதற்குள் பேசி முடித்து வாய் மூட வேண்டும். திரை உறைந்து நிற்கும்போதும் தொடர்பு அறுபடாமல் இருப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வேலை வேறொரு கணினியில் நடப்பதுதான் காரணம்.

மூன்றாவது கணினி சிம் அட்டை. விரல்நுனி அளவுள்ள அந்தச் சில்லில் செயலியும் நினைவகமும் நிரலும் உண்டு. இதற்குள் இருக்கும் இரண்டு செய்திகள்தாம் முக்கியம். ஒன்று, 15 இலக்கச் சந்தாதாரர் அடையாளம். இது நாம் பிறருக்குத் தரும் செல்பேசி எண் அன்று. இதன் முதல் மூன்று இலக்கம் நாட்டைச் சொல்லும். இந்தியாவுக்கு 404, 405, இலங்கைக்கு 413. மற்றொன்று, 128 பிட் நீளமுள்ள ரகசியச் சாவி. இந்தச் சாவி சிம்மிலும் நிறுவனத்தின் சரிபார்ப்பு மையத்திலும் மட்டுமே இருக்கும். காற்றில் ஒருபோதும் பயணம் செய்யாது. வலையமைப்பு ஒரு சீரற்ற எண்ணை அனுப்பும். சிம் அதைத் தன் சாவியோடு சேர்த்துக் கணக்கிட்டு விடையை மட்டும் திருப்பி அனுப்பும். மையமும் அதே கணக்கைப் போட்டுப் பார்த்து, விடை ஒத்துப்போனால் உள்ளே விடும்.

இந்த ஏற்பாட்டின் முதல் வடிவில் ஒரு குறை இருந்தது. பேசி தன்னை நிரூபிக்க வேண்டும். டவர் தன்னை நிரூபிக்க வேண்டியதில்லை. போலி டவர் வைத்துப் பேசிகளை ஏமாற்றும் கருவிகள் இந்த ஓட்டை வழியேதான் பிறந்தன. மூன்றாம் தலைமுறையில் இருதரப்புச் சரிபார்ப்பு வந்தது. ஆனால் பழைய இரண்டாம் தலைமுறையும் கூடவே ஓடுகிற இடங்களில், பேசியைப் பழைய முறைக்கு இறக்கிவிட்டு ஏமாற்றுவது இன்றும் நடக்கிறது.

3. டவரின் அடிவாரம்

டவர் என்றால் எல்லோரும் மேலே பார்க்கிறோம். உச்சியில் மூன்று திசை நோக்கி நிற்கும் நீண்ட ஆன்டெனாக்கள். ஒவ்வொன்றும் 120 பாகை. அதன் அருகே ரேடியோப் பெட்டி. கீழே அடிவாரத்தில் வேலிக்குள் பாருங்கள். மின்சாரத்தை நேர்மின்னாக மாற்றும் அலமாரி, அடுக்கடுக்காக பேட்டரி, பக்கத்தில் டீசல் ஜெனரேட்டர், தரைக்குள்ளிருந்து வெளியே வரும் மெல்லிய கண்ணாடி இழைக் கம்பி. செல்பேசிப் பேச்சு கம்பியில்லாமல் பயணம் செய்வது முக்கியமாக நம் கைக்கும் இந்தக் கம்பத்துக்கும் நடுவேதான். மீதித் தூரமெல்லாம் பெரும்பாலும் கம்பிவழிப் பயணம்.

2018 நவம்பரில் கஜா புயல் வேதாரண்யம் பக்கம் கரை கடந்தபோது டெல்டா மாவட்டங்களில் மின்கம்பங்கள் சாய்ந்தன. நின்ற டவர்களும் பேட்டரி தீர்ந்து, டீசல் தீர்ந்து ஊமையாயின. டவருக்கு வேண்டியது மின்சாரமும் டீசலும்; இதில் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. அடுத்ததுதான் நான் நின்று பேச விரும்பும் இடம்.

4. ஓர் அழைப்பு எப்படி ஆளைத் தேடுகிறது

திருநெல்வேலியிலிருந்து இரவு ரயிலில் சென்னைக்கு வரும் ஒரு பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கைப்பேசியைப் பைக்குள் வைத்துவிட்டுத் தூங்குகிறார். யாரோடும் பேசவில்லை. ஆனால் பேசி தூங்கவில்லை. ஒவ்வொரு டவரும் தன் பெயரையும், தான் எந்த இருப்பிடப் பகுதியைச் சேர்ந்தது என்பதையும் ஓயாமல் அறிவித்துக்கொண்டிருக்கும். பல டவர்கள் சேர்ந்தது ஓர் இருப்பிடப் பகுதி. பேசி அதைக் கேட்டுக்கொண்டே வருகிறது. ஒரே பகுதிக்குள் டவர் மாறினால் பேசாமல் இருக்கும். பகுதி மாறியது தெரிந்ததும், நான் இங்கே வந்திருக்கிறேன் என்று ஒரு சிறு செய்தி அனுப்பும். இடம் மாறாவிட்டாலும் குறித்த இடைவெளியில் தலையைக் காட்டும்.

அந்தச் செய்தி இரண்டு இடங்களில் பதிவாகலாம். அந்த வட்டார இணைப்பகத்தில் இருக்கும் வந்திருப்போர் பதிவேட்டில் அவர் எந்தப் பகுதியில் இருக்கிறார் என்பது ஏறும். இணைப்பகமும் மாறியிருந்தால், அவருடைய நிறுவனத்தின் தாய்ப் பதிவேட்டில், இவர் இப்போது இன்ன இணைப்பகத்தின் பொறுப்பில் இருக்கிறார் என்பது ஏறும். பழைய இணைப்பகத்தின் ஏட்டிலிருந்து அவர் பெயர் நீக்கப்படும். இவற்றை வி.எல்.ஆர்., எச்.எல்.ஆர். என்று பொறியாளர்கள் அழைக்கிறார்கள். நான்காம், ஐந்தாம் தலைமுறையில் பெயர்கள் மாறின. வேலை மாறவில்லை.

ரயிலில் அவர் தனியாக இல்லை. பகுதி எல்லையை வண்டி தாண்டும் சில நொடிகளுக்குள் நூற்றுக்கணக்கான பேசிகள் ஒரே நேரத்தில் இடமாற்றத்தைத் தெரிவிக்கின்றன. வலையமைப்பை வடிவமைப்பவர்கள் ரயில் பாதையைப் பார்த்துத்தான் இந்த எல்லைகளை வரைய வேண்டியிருக்கிறது. இது எனக்கு எப்போதும் வியப்பைத் தருகிற செய்தி.

விடிகாலையில் வண்டி செங்கல்பட்டைத் தாண்டும்போது பாளையங்கோட்டையிலிருந்து அம்மா அழைக்கிறார். அழைப்பு முதலில் போவது மகளைத் தேடி அல்ல, தாய்ப் பதிவேட்டைத் தேடி. தாய்ப் பதிவேடு மகள் இருக்கும் இணைப்பகத்தைக் கேட்கிறது. அது அந்த ஓர் அழைப்புக்கு மட்டும் ஒரு தற்காலிக எண்ணைத் தருகிறது. அந்த எண்ணைப் பிடித்துக்கொண்டு அழைப்பு சென்னைப் பக்கம் வந்துசேர்கிறது. அதற்குப் பிறகுதான் அந்தப் பகுதியிலுள்ள டவர்கள் எல்லாம் மகளை அழைக்கின்றன. திருவிழாக் கூட்டத்தில் ஒலிபெருக்கியில் பெயர் சொல்லிக் கூப்பிடுவதைப் போன்றது அது. ஆனால் சொல்லப்படுவது உண்மைப் பெயர் அன்று, பிறர் அறியாதிருக்க வழங்கப்பட்ட தற்காலிகப் பெயர். பேசி பதில் சொல்கிறது, சிம் தன்னை நிரூபிக்கிறது, தடம் ஒதுக்கப்படுகிறது, மணி அடிக்கிறது. இத்தனையும் அம்மா காதில் வைத்துக் காத்திருக்கும் சில நொடிகளுக்குள்.

ஆக, நாம் போடும் பத்து இலக்க எண் முகவரியே அல்ல. பதிவேட்டில் ஒரு வரியைத் திறக்கும் சாவி. 2011 ஜனவரி 20 முதல் நாடு முழுவதும் எண்ணை மாற்றாமல் நிறுவனத்தை மாற்ற முடிந்ததும் இதனால்தான். எண் எந்த நிறுவனத்தில் இருக்கிறது என்பதைச் சொல்ல இன்னொரு பதிவேடு சேர்க்கப்பட்டது, அவ்வளவே. குறுஞ்செய்தியின் பிறப்பும் இங்கேதான். பேச்சுக்கான தடத்தில் அது போகவில்லை. பதிவேட்டுச் செய்திகள் போய்வரும் கட்டுப்பாட்டுத் தடத்தில் மிச்சமிருந்த இடத்தில் 140 பைட்டுகள் கிடைத்தன. ஆங்கிலத்துக்கு அதில் 160 எழுத்து. யுனிகோடில் தமிழுக்கு 70 குறியீடுகள். அதிலும் ‘கி’ போன்ற உயிர்மெய்க்கு இரண்டு செலவாகும்.

5. பதிவேடு தடுமாறினால்

டவர் ஒன்று விழுந்தால் ஓர் ஊர் பாதிக்கப்படும். பதிவேடு தடுமாறினால் நாடே பாதிக்கப்படும். 2022 ஜூலை 2-ஆம் தேதி பின்னிரவில் ஜப்பானின் கேடிடிஐ நிறுவனம் ஒரு ரவுட்டரில் வழக்கமான பராமரிப்பு வேலை செய்தது. பாதை அமைப்பில் நேர்ந்த பிழையால் ஏறக்குறைய 15 நிமிடம் குரல் அழைப்புகள் தடைபட்டன. உடனே பழைய நிலைக்குத் திரும்பினார்கள். அத்தோடு முடிந்திருக்க வேண்டும். ஆனால் அந்த இடைவெளியில் பதிவு தவறிய பேசிகளெல்லாம் ஒரே சமயத்தில் மீண்டும் பதிவு கேட்டுக் கதவைத் தட்டின. விடை வராதபோது மறுபடியும் தட்டின. நெரிசலில் சந்தாதாரர் தரவுத்தளத்தின் பதிவுகள் ஒன்றுக்கொன்று பொருந்தாமல் போயின. மூன்று கோடிக்கும் அதிகமானோர் பாதிக்கப்பட்டார்கள். 61 மணி நேரத்துக்கும் மேல் நீடித்தது. அவசர அழைப்புகள் போகவில்லை. சில வங்கி ஏ.டி.எம்.களும் வானிலைத் தரவு சேகரிப்பும் கூடத் தடைபட்டன. ஒரு டவருக்கும் சேதமில்லை. காற்றில் அலை இருந்தது. பேசிகளில் பேட்டரி இருந்தது.

பிரிட்டனின் ஓ2 நிறுவனம் 2012 ஜூலையில் இதே வகைப் பதிவேட்டுக் கோளாறால் முடங்கியது. 2018 டிசம்பர் 6 அன்று அதே நிறுவனம் மறுபடியும் முடங்கியது; ஜப்பானின் சாஃப்ட்பேங்கும் அன்று கூடவே முடங்கியது. இரண்டு நிறுவனங்களும் பயன்படுத்திய எரிக்சன் மென்பொருளில் ஒரு மின்னணுச் சான்றிதழின் காலக்கெடு முடிந்திருந்ததே காரணம். ஒரு தேதியைப் புதுப்பிக்காமல் விட்டதால் கோடிக்கணக்கானோர் பேச முடியாமற்போனார்கள்.

நிற்காத மென்பொருள் எழுதுவது தனிக் கலை. எரிக்சன் ஆய்வகத்தில் 1986-ல் ஜோ ஆம்ஸ்ட்ராங்கும் தோழர்களும் எர்லாங் என்ற நிரல்மொழியை உருவாக்கினார்கள். ஒரு சிறு நிரல் விழுந்தால் அது மட்டும் விழட்டும், இன்னொன்று அதை எழுப்பிவிடட்டும், மற்றவை தம் வேலையைப் பார்க்கட்டும் என்பது அதன் கொள்கை. இணைப்பகத்துக்காகப் பிறந்த அந்த மொழியில்தான் பின்னாளில் வாட்ஸ்அப்பின் வழங்கிகள் எழுதப்பட்டன. நம் கணினித் துறைகளில் இந்த மரபு பாடமாகவில்லை என்பது எனக்கு உண்மையான வருத்தம்.

6. பதிவேட்டுக்கு வெளியே இருப்பவர்கள்

பதிவேட்டில் ஏற முடியாத இடங்கள் உண்டு. ஜிஎஸ்எம் முறையில் டவரிலிருந்து 35 கிலோமீட்டருக்கு அப்பால் சாதாரண நிலையில் பேச முடியாது. அலை போகாது என்பதல்ல காரணம். அலை போய்வர ஆகும் நேரத்தை ஈடுகட்டப் பேசி சற்று முந்திப் பேச வேண்டும். அந்த முந்துதலுக்கு 0 முதல் 63 வரைதான் படிகள். ஒரு படி சுமார் 550 மீட்டர். அதைத் தாண்டினால் ஒருவர் பேச்சு அடுத்தவர் முறையில் போய் விழும். கடலில் நடைமுறை எல்லை இதற்கும் குறைவாகவே இருக்கும்.

2017 நவம்பர் இறுதியில் ஒக்கி புயல் எழுந்தபோது தூத்தூர் வட்டாரத்து ஆழ்கடல் மீனவர்கள் இந்த எல்லைக்கு வெகுதூரம் அப்பால் இருந்தார்கள். கரையிலிருந்து எத்தனை முறை எண்ணை அழுத்தினாலும் பதிவேட்டிடமிருந்து வந்த விடை, தொடர்பு எல்லைக்கு வெளியே என்பதுதான். ஆழ்கடலுக்குச் செல்பேசி பாதுகாப்புக் கருவி ஆகாது. செயற்கைக்கோள் வழித் தொடர்பு ஒவ்வொரு படகுக்கும் அரசின் கடமை. இதில் எனக்கு இரண்டாம் கருத்து இல்லை.

எல்லைக்குள் இருப்பவர்களுக்கு எச்சரிக்கை சொல்லவும் பதிவேடு தேவையில்லாத வழி ஒன்று உண்டு. செல் ஒலிபரப்பு என்பது அது. டவர் தன் வட்டாரத்திலுள்ள எல்லாப் பேசிகளுக்கும் ஒரே செய்தியை ஒரே தடவையில் சொல்லிவிடும். எண்கள் தேவையில்லை, ஒவ்வொருவராகத் தேட வேண்டியதில்லை, நெரிசலும் இல்லை. 2023-ல் நம் பேசிகள் திடீரென உரத்த ஒலி எழுப்பிய அரசுச் சோதனை நினைவிருக்கும். பேரிடரில் குறுஞ்செய்தியை நம்பக் கூடாது. இதைத்தான் நம்ப வேண்டும்.

7. ஏட்டைப் படிக்கிறவர் யார்

நம்மைத் தேடிக் கண்டுபிடிக்க எழுதப்படும் ஏடு, நாம் சென்ற வழியையும் சொல்லும். ஜெர்மனியின் பசுமைக் கட்சியைச் சேர்ந்த மால்டே ஸ்பிட்ஸ், தன்னைப் பற்றித் தன் தொலைபேசி நிறுவனம் சேமித்திருந்த ஆறு மாதத் தரவைச் சட்டப்படி கேட்டு வாங்கினார். 35,000-க்கும் மேற்பட்ட பதிவுகள். 2011-ல் ‘டீ சைட்’ இதழின் இணையப் பதிப்பு அதை வரைபடமாக வெளியிட்டது. அவர் எந்த ரயிலில் போனார், எந்த ஊரில் தூங்கினார் என்பதெல்லாம் அதில் தெரிந்தது. நம் நாட்டில் அழைப்பு விவரப் பதிவுகளைக் குறைந்தது இரண்டு ஆண்டு வைத்திருக்க வேண்டும் என்று 2021 டிசம்பரில் உரிம விதி திருத்தப்பட்டது. குற்றம் துலக்க இவை உதவுகின்றன, மறுக்கவில்லை. யார், எந்த வழக்குக்காக, யாருடைய அனுமதியோடு பார்த்தார் என்பதற்கும் ஓர் ஏடு வேண்டும். 2017-ல் தனியுரிமையை அடிப்படை உரிமை என்று உச்ச நீதிமன்றம் உறுதிசெய்த நாட்டில் இது மிகையான கோரிக்கை அன்று.

8. ஏட்டை எழுதுகிறவர் யார்

மெக்சிகோவின் வஹாகா மலைப்பகுதியில் வியா தலேயா தெ காஸ்த்ரோ என்ற ஊர் இருக்கிறது. பெரிய நிறுவனங்கள் லாபமில்லை என்று அங்கே டவர் வைக்கவில்லை. 2013-ல் ஊராரே, ரைசோமாட்டிகா என்ற அமைப்பின் துணையோடு, திறந்த மூல மென்பொருளை வைத்துத் தங்கள் செல்பேசி வலையமைப்பை நடத்தத் தொடங்கினார்கள். அந்த ஊரின் சந்தாதாரர் பதிவேடு அந்த ஊரிலேயே ஒரு சிறு கணினியில் இருந்தது. 2016-ல் பழங்குடிச் சமூகங்களின் கூட்டமைப்புக்கு அலைவரிசை உரிமத்தை மெக்சிகோ அரசு வழங்கியது.

நம் நாட்டிலும் ஒரு நல்ல மாற்றம் நடந்திருக்கிறது. பல்லாண்டுகளாக மையப் பதிவேட்டு மென்பொருளை வெளிநாட்டிலிருந்தே வாங்கினோம். பிஎஸ்என்எல்லின் நான்காம் தலைமுறை வலையமைப்புக்கு உள்நாட்டு அமைப்புகளான சி-டாட் மைய மென்பொருளையும், தேஜஸ் ரேடியோக் கருவிகளையும் தந்தன, டிசிஎஸ் இணைத்தது. 2025 செப்டம்பரில் அது நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. தாமதம் மிக அதிகம். அதனால் பிஎஸ்என்எல் இழந்த வாடிக்கையாளர்களும் அதிகம். ஆனாலும் கற்ற பாடம் நம்முடையது. முன்பு நிலைமை வேறு. ஸ்ரீபெரும்புதூரில் நோக்கியா ஆலை 2006 முதல் 2014 வரை கோடிக்கணக்கில் பேசிகளைச் செய்தது. நம் பிள்ளைகள் அங்கே கருவியை இணைக்கக் கற்றார்கள். அந்தக் கருவியை உலகத்தோடு இணைக்கும் மென்பொருளை எழுதும் வாய்ப்பு அவர்களுக்குக் கிடைக்கவில்லை.

ஆகவே இங்கே இரண்டு வேண்டுகோள்களை வைக்கிறேன்.

முதலாவது, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை அமைப்புக்கும் நிறுவனங்களுக்கும். வலையமைப்பு முடங்கும் ஒவ்வொரு முறையும், எது பழுதானது, ஏன் பழுதானது என்ற முழு அறிக்கை மக்களுக்கு வெளியாக வேண்டும். கேடிடிஐ தன் பிழையைப் படம் வரைந்து விளக்கியது. வாடிக்கையாளருக்கு 200 யென் ஈடும் தந்தது. தொகை சிறிது. அந்த விளக்கத்தை உலகத்துப் பொறியாளர்களெல்லாம் இன்று பாடமாகப் படிக்கிறார்கள்.

இரண்டாவது, இந்தத் துறைக்கும் மாணவர்களுக்கும். ஓபன்5ஜிஎஸ், எஸ்ஆர்எஸ்ரான் ஆகிய திறந்த மூல மென்பொருள்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. சாதாரணக் கணினி போதும். ரேடியோக் கருவிகூட இல்லாமல், டவரையும் பேசியையும் மென்பொருளுக்குள்ளேயே ஓட்டிப் பார்க்கலாம். காற்றில் அலை பரப்பாததால் உரிமமும் தேவைப்படாது. இந்தப் பருவத்திலேயே உங்கள் ஆய்வகத்தில் ஒரு சோதனை வலையமைப்பை நிறுவுங்கள். அதன் பதிவேட்டில் முதல் சந்தாதாரரை உங்கள் கையால் எழுதுங்கள். பிறகு அந்தப் பதிவேட்டை வேண்டுமென்றே நிறுத்துங்கள். மீண்டும் எழும்போது என்ன நடக்கிறது என்று ஒவ்வொரு செய்தியாகக் குறித்து வையுங்கள்.